பிணைக் கையெழுத்தும் ரூபனின் பிள்ளைகளும்



சென்ற பள்ளி விடுமுறையில் என் தங்கை தன் மகனை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டிற்கு வந்திருந்தாள். அவள் கையில் பெரிய பழுப்பு நிற உறை ஒன்று இருந்தது. உறையைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. அரசாங்கச் சம்பளத்தில் நெடுங்காலம் ஆசிரியராக இருப்பவர் எவருக்கும் அது விளங்கும்.

"அண்ணே, பையனுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. படிப்புக் கடனும் கொடுக்கிறார்கள். இரண்டு பேர் ஜாமீன் போடவேண்டுமாம். ஒருவர் அவன் அப்பா பக்கத்தில் கிடைத்துவிட்டார். இன்னொருவருக்கு உங்களை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?"

என் மனைவி தேநீரை வைத்துவிட்டு உள்ளே போனார். சமையலறையில் பாத்திரங்களின் ஓசை வழக்கத்தைவிடச் சற்று அதிகமாகவே கேட்டது. அந்த ஓசையின் பொருள் எனக்குத் தெரியும், தங்கைக்கும் தெரிந்திருக்கும்.

அன்று நான் கையெழுத்துப் போடவில்லை. இரண்டு வாரம் தவணை கேட்டேன். தங்கையின் முகம் சுருங்கிப்போனது. சொந்த மருமகனுக்குக் கையெழுத்துப் போட ஒரு தாய்மாமனுக்கு இரண்டு வாரம் எதற்கு என்று அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. அவள் கேட்காத கேள்விக்கு இங்கே விடை எழுதிப் பார்க்கிறேன். இந்தப் பழுப்பு உறை என் வீட்டிற்கு மட்டும் வருவதில்லை என்பதால், இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் பயன்படலாம்.

நான் கத்தோலிக்கக் கிறித்தவன். வாசிப்போரில் பெரும்பாலோர் அப்படியல்லர் என்பதை அறிவேன். நான் மதம் பரப்ப வரவில்லை. எனக்குப் பழக்கமான நூலிலிருந்து, எனக்கு நேர்ந்த ஒன்றைப் பற்றிப் பேசுகிறேன். திருக்குறளில் ஊறியவர்கள் தெரிந்து செயல்வகை, வலியறிதல் ஆகிய 47, 48ஆம் அதிகாரங்களை அருகில் வைத்துக்கொண்டு படித்தால் பல இடங்களில் இரண்டும் கைகுலுக்கிக்கொள்வதைக் காண்பார்கள்.

நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களை ஏன் எல்லாரும் பிணைக்குத் தேடி வருகிறார்கள்? நம் குணத்தைக் கண்டு என்று நினைத்து மகிழ்ந்துகொள்ளலாம். உண்மை அதைவிட எளிமையானது. நம்மிடம் சம்பளச் சீட்டு இருக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறி, லாரி ஓட்டியும் காவல் வேலை பார்த்தும் பிழைக்கும் குடும்பங்களில், கடன் கொடுக்கும் நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் சம்பளச் சீட்டு உள்ள உறவினர் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். பெரும்பாலும் அவர் ஓர் ஆசிரியராக இருப்பார். ஆகவே கார் வாங்கவும் வீடு வாங்கவும் பிள்ளையைப் படிக்கவைக்கவும் கடை தொடங்கவும் அவருடைய கையெழுத்துத் தேவைப்படுகிறது.

இனி என் கதை.

1996ஆம் ஆண்டு. பேராக்கில் ஒரு சிறுநகரப் பள்ளியில் நான் இளம் ஆசிரியன். திருமணமாகி இரண்டு ஆண்டுகள். மூத்த மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அதே பள்ளியில் மூத்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். பாடத்திட்டம் எழுதுவது முதல் பள்ளிப் பரிசோதகர் வந்தால் எப்படி நடந்துகொள்வது என்பது வரை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஒரு நாள் ஓய்வு நேரத்தில் ஆசிரியர் அறைக்கு வந்து, "தம்பி, இங்கே ஒரு கையெழுத்துப் போடு. சும்மா பெயருக்குத்தான்," என்றார். இருபதாயிரம் வெள்ளிக் கடன். மைத்துனருடைய லாரித் தொழிலுக்கு. நான் குடித்துக்கொண்டிருந்த மைலோ ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டேன். படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மணி அடித்துவிட்டது, மூன்றாம் ஆண்டு வகுப்பிற்குப் போகவேண்டும் என்பது அன்றைக்கு எனக்குப் போதுமான காரணமாக இருந்தது.

அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். இதை அழுத்திச் சொல்லவேண்டும். அடுத்த ஆண்டே, 1997இல், ஆசிய நிதி நெருக்கடி வந்தது. கட்டுமான வேலைகள் நின்றன. மணலும் கல்லும் ஏற்றிய லாரிகள் வீட்டு வாசலில் நின்றன. மைத்துனரின் தொழில் படுத்துவிட்டது. அவரும் முன்கூட்டியே பணி ஓய்வு பெற்று வேறு மாநிலத்துக்குப் போய்விட்டார். கொஞ்ச காலம் எப்படியோ கட்டியிருக்கிறார். பிறகு முடியவில்லை.

2001இல் எனக்குக் கடிதம் வந்தது. நிலுவையும் வட்டியும் சேர்த்து 14,400 வெள்ளி. நான் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு ஓடினேன். "முதலில் அவரைக் கேளுங்கள், அவரால் முடியாவிட்டால் என்னிடம் வாருங்கள்," என்றேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகவே பேசினார். படிவத்தைத் திருப்பி, நான் திருப்பிப் பார்க்காத அந்தப் பக்கத்தில் ஒரு வரியைக் காட்டினார். மாதம் 300 வெள்ளி வீதம், 48 மாதங்கள் கட்டினேன்.

அந்த 48 மாதங்களில் வீட்டில் என்ன நடந்தது என்பதைத்தான் சொல்லவேண்டும். என் மனைவியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போனது, மீட்டோம், மறுபடியும் போனது. மூத்த மகள் அப்போதுதான் வயலின் கற்கத் தொடங்கியிருந்தாள். அதை நிறுத்தினோம். "அடுத்த வருடம் போகலாம் கண்ணு," என்றேன். அடுத்த வருடமும் அதையே சொன்னேன். மூன்றாவது வருடம் அவள் கேட்கவில்லை. என் மனைவி இந்த விசயத்தில் என்னைக் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. ஒரே ஒரு முறை மட்டும், "கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வீட்டிற்கு ஒரு போன் செய்திருக்கலாமே," என்றார். அவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அந்த மூத்த ஆசிரியரை 2006இல் ஒரு திருமண வீட்டில் பார்த்தேன். என்னைக் கண்டதும் பந்தியிலிருந்து பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார். நான் பின்னால் போகவில்லை. போயிருக்கவேண்டும் என்று இன்றுவரை நினைக்கிறேன். எனக்குப் பாடத்திட்டம் எழுதக் கற்றுக்கொடுத்த மனிதர், என் முன்னால் சோறு உண்ண முடியாமல் போனார்.

இந்தக் காலத்தில்தான் நான் விவிலியத்தை வேறு கண்ணோடு படிக்கத் தொடங்கினேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கேட்டுவிட்டு மறந்துபோகும் பகுதிகளில் எத்தனை அன்றாட விசயங்கள் இருக்கின்றன! நீதிமொழிகள் என்னும் நூலை எடுத்துக்கொள்ளுங்கள். பிறர் கடனுக்குப் பிணை நிற்பதைப் பற்றி அந்த நூல் ஆறு அதிகாரங்களில் பேசுகிறது. 6, 11, 17, 20, 22, 27 ஆகியவை அவை. சோம்பலுக்கும் நாவடக்கத்துக்கும் அடுத்தபடியாக இவ்வளவு சிறிய ஒரு விசயத்துக்கு இவ்வளவு இடமா என்று வியந்தேன். பிறகுதான் இது சிறிய விசயமன்று என்பது உறைத்தது.

ஆறாம் அதிகாரம் சொல்வதை என் சொற்களில் தருகிறேன். அயலானுக்காகக் கையடித்து வாக்குக் கொடுத்துவிட்டாயா? உன் வாய்ச்சொல்லே உனக்குக் கண்ணியாகிவிட்டது. உடனே போ. தாழ்ந்து கெஞ்சியாவது உன்னை விடுவித்துக்கொள். அதுவரை தூங்காதே. வேடன் கையிலிருந்து மான் துள்ளுவதுபோல், வலையிலிருந்து பறவை பறப்பதுபோல் தப்பித்துக்கொள். இப்படிப் பதறுகிறார் அந்த ஞானி. இருபத்திரண்டாம் அதிகாரத்தில் இன்னும் கூர்மை. கட்ட வழியில்லாமல் போனால் நீ படுத்திருக்கும் படுக்கையையே உருவிக்கொண்டு போவார்களே, அதற்கு இடம் கொடுப்பானேன் என்று கேட்கிறார். எங்கள் வீட்டில் படுக்கை போகவில்லை. வயலின் போனது.

இதைப் படித்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? இனி எவருக்கும் பிணை நிற்பதில்லை என்று முடிவுகட்டினேன். வேதமே சொல்லிவிட்டது, பிறகென்ன? பல ஆண்டுகள் அப்படியே இருந்தேன். யாராவது படிவத்தோடு வந்தால், "எங்கள் வேதத்தில் இதற்குத் தடை இருக்கிறது," என்று புன்னகையோடு சொல்லிவிடுவேன். வசதியான பதில். எதிராளிக்கு வாதாடவும் வழியில்லை. வேதத்தை வாசற்கதவின் தாழ்ப்பாளாகப் பயன்படுத்திக்கொண்டிருந்தேன் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

என்னை உறுத்தத் தொடங்கியது வேறொன்று. 1980களின் இறுதியில் எனக்கு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது, ஒப்பந்தப் பத்திரத்தில் பிணையாளர் கையெழுத்துத் தேவைப்பட்டது. என் அப்பா பால்மரம் வெட்டியவர். அவருக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் பால்மரம் வெட்டியவர்கள். அப்பாவும் நானும் தோட்டத்துக் கிராணியார் வீட்டு வாசலில் போய் நின்றோம். அவர் எங்களுக்கு உறவில்லை. எங்கள் மதமும் இல்லை. பத்திரத்தை வாங்கி, திண்ணையில் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் படித்தார். அரைமணி நேரம் ஆகியிருக்கும். பிறகு என்னைப் பார்த்து, "நீ பாதியில் ஓடிவந்தால் நான் கட்டவேண்டும். எவ்வளவு என்று பார்த்துக்கொண்டேன். என்னால் கட்ட முடியும். ஆனால் ஓடிவராதே," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

நீதிமொழிகளின் எச்சரிக்கையை அவர் நான் எடுத்துக்கொண்டதுபோல் எடுத்துக்கொண்டிருந்தால், இந்தப் பதிவை எழுத இன்று ஓர் ஆசிரியர் இருந்திருக்கமாட்டார்.

அப்படியானால் வேதத்தின் எச்சரிக்கை தவறா? மீண்டும் தேடினேன். தொடக்க நூலில் யோசேப்பின் கதை எல்லாரும் அறிந்ததுதான். அண்ணன்மாரால் விற்கப்பட்ட யோசேப்பு எகிப்தில் பெரிய அதிகாரியாகிவிடுகிறார். பஞ்ச காலத்தில் அண்ணன்மார் தானியம் வாங்க வருகிறார்கள். அவரை அடையாளம் தெரியவில்லை. இளையவன் பென்யமினை அழைத்து வந்தால்தான் மறுபடியும் தானியம் என்று யோசேப்பு சொல்லிவிடுகிறார். கிழவர் யாக்கோபு கடைசி மகனை அனுப்ப மறுக்கிறார். அப்போது இரண்டு மகன்கள் பிணை நிற்க முன்வருகிறார்கள்.

முதலில் மூத்தவன் ரூபன். பென்யமினை நான் திரும்பக் கொண்டுவராவிட்டால் என் இரண்டு பிள்ளைகளையும் கொன்றுவிடுங்கள் என்கிறான். யாக்கோபு அதை ஏற்கவில்லை. எந்தத் தாத்தா ஏற்பார்? பேரப்பிள்ளைகளைக் கொல்வதால் அவருக்கு என்ன ஆறுதல்? சில காலம் கழித்து, தானியம் தீர்ந்த பிறகு, யூதா வருகிறான். நானே அவனுக்குப் பிணை. என் கையிலேயே அவனைக் கேளுங்கள். கொண்டுவராவிட்டால் வாழ்நாள் முழுதும் குற்றம் என்னுடையது என்கிறான். யாக்கோபு அனுப்பிவைக்கிறார். பின்னால் எகிப்தில் பென்யமின் மாட்டிக்கொண்டபோது, யூதா சொன்னபடியே முன்னால் வந்து, அவனுக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று நிற்கிறான். இத்தனைக்கும் யோசேப்பை 20 வெள்ளிக்காசுக்கு விற்கலாம் என்று யோசனை சொன்னவன் இதே யூதாதான்! அதைக் கண்டுதான் யோசேப்பு அழுதுகொண்டே தன்னை வெளிப்படுத்துகிறார்.

இந்தக் கதையைச் சிறுவயது முதல் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ரூபனை மட்டும் கவனித்ததேயில்லை. ரூபன் கெட்டவன் அல்லன், நல்லெண்ணத்தோடுதான் பேசினான். ஆனால் அவன் தன்னைப் பிணையாகக் கொடுக்கவில்லை. தன் பிள்ளைகளைக் கொடுத்தான். அவர்களைக் கேட்கவுமில்லை. 1996இல் மைலோ ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டபோது, தோழனுக்காகத் தோள் கொடுக்கும் யூதா என்று என்னை நினைத்துக்கொண்டேன். உண்மையில் நான் ரூபனாக இருந்தேன். பிணையாக வைத்தது என்னுடையதை அன்று. ஒரு பெண்ணின் சங்கிலியையும், தவழ்ந்துகொண்டிருந்த ஒரு குழந்தை பின்னாளில் கற்கப்போகும் வயலினையும்.

பழைய காலத்தில் இது உவமையாகக்கூட இருக்கவில்லை. அரசர்கள் இரண்டாம் நூல், நான்காம் அதிகாரத்தில் ஒரு கைம்பெண் இறைவாக்கினர் எலிசாவிடம் வந்து கதறுகிறாள். கணவன் வைத்துப்போன கடனுக்காக அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோகக் கடன்காரன் வந்துவிட்டான். கடன் பத்திரத்தில் பிள்ளைகள் கையெழுத்துப் போடுவதில்லை. ஆனால் கட்டுவது அவர்கள்தாம். நம் காலத்தில் அடிமையாகப் பிடித்துக்கொண்டு போவதில்லை. வகுப்பை நிறுத்துகிறோம், டியூசனை நிறுத்துகிறோம், பள்ளிச் சுற்றுலாவுக்கு உடல்நலமில்லை என்று கடிதம் எழுதி அனுப்புகிறோம். அந்தக் கடிதங்களில் சிலவற்றை வகுப்பாசிரியர் என்ற முறையில் நானே வாங்கிப் படித்திருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட எனக்கு உதவியவர் சீராக். சீராக்கின் ஞானம் என்னும் நூல் கத்தோலிக்கர்களின் பழைய ஏற்பாட்டில் உண்டு. சீர்திருத்தச் சபையார் அதைத் தங்கள் திருமுறையில் சேர்ப்பதில்லை. அதனால் பல கிறித்தவ நண்பர்களுக்கே இது பழக்கமில்லை. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எருசலேமில் எழுதப்பட்டது. எழுதியவர் இளைஞர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். கல்லாதவர்கள் தம் பள்ளிக்கு வந்து தங்கும்படி நூலின் கடைசி அதிகாரத்தில் அழைக்கிறார். ஆக, நம்மைப் போல் ஒரு வாத்தியார்! அதனால்தானோ என்னவோ, அவர் பேச்சில் பதற்றம் குறைவு, கணக்கு அதிகம்.

29ஆம் அதிகாரத்தில் அவர் முதலில் நல்ல மனிதன் அயலாருக்குப் பிணை நிற்பான் என்றே சொல்கிறார். பிணை நின்றவர் செய்த உதவியை மறந்துவிடாதே என்று கடன் வாங்கியவனையும் எச்சரிக்கிறார். அடுத்த மூச்சிலேயே, பிணை நின்றதால் வாழ்ந்து கெட்டவர்கள் பலர், கடலலைபோல் அலைக்கழிக்கப்பட்டார்கள் என்கிறார். முடிவாக, உன்னால் இயன்ற அளவு அயலானுக்கு உதவு, ஆனால் நீயே விழுந்துவிடாதபடி பார்த்துக்கொள் என்று நிறுத்துகிறார். 8ஆம் அதிகாரத்தில் இதைவிடத் தெளிவாக ஒன்று இருக்கிறது. உன் ஆற்றலுக்கு மீறிப் பிணை நிற்காதே. நின்றுவிட்டால், கட்டப்போவது நீதான் என்று எண்ணிக்கொள். திண்ணையில் உட்கார்ந்து அரைமணி நேரம் படித்த எங்கள் தோட்டத்துக் கிராணியார் இதைத்தானே செய்தார்? அவர் சீராக்கின் பெயரைக்கூடக் கேட்டிருக்கமாட்டார்.

நான் செய்த தவறு பிணை நின்றதா? அப்படி இப்போது எண்ணவில்லை. "சும்மா பெயருக்குத்தான்" என்ற சொல்லை நம்பியதும், கட்டப்போவது நான்தான் என்று எண்ணிக்கொள்ளாமல் நின்றதும்தான் தவறு.

நாட்டுச் சட்டமும் சீராக்கின் பக்கம்தான் நிற்கிறது. 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 81ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், பிணையாளரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம். பாதிப் பொறுப்பு, இரண்டாம் இடத்துப் பொறுப்பு என்று எதுவுமில்லை. முதலில் அவரைக் கேளுங்கள் என்று 2001இல் நான் போய் நின்றது எவ்வளவு பெரிய அறியாமை!

2017 அக்டோபரில் ஒரு நல்ல மாற்றம் நடைமுறைக்கு வந்தது. பழைய திவால் சட்டம் திருத்தப்பட்டு, சமூகப் பிணையாளர் எனப்படுவோரை எவரும் திவாலாக்க முடியாது என்று ஆக்கப்பட்டது. இலாப நோக்கமின்றிக் கல்விக் கடனுக்கோ, சொந்தப் பயன்பாட்டுக்கான வாகனத் தவணைக்கோ, குடியிருக்கும் வீட்டுக் கடனுக்கோ பிணை நின்றவர்கள் இதில் அடங்குவர். மற்றப் பிணையாளர்களையும், கடன் வாங்கியவரிடம் வசூலிக்கும் வழிகளையெல்லாம் முயன்றுபார்த்த பிறகு, நீதிமன்ற அனுமதி பெற்றே திவாலாக்க முடியும். திவால் நடவடிக்கைக்குத் தேவையான குறைந்தபட்சக் கடன் தொகையும் அப்போது 30,000 ரிங்கிட்டிலிருந்து 50,000 ஆகவும், பிறகு பெருந்தொற்றுக் காலத்தில் 100,000 ஆகவும் உயர்ந்தது.

இதைக் கேட்டுச் சில ஆசிரியர்கள், "இனிப் பயமில்லை, தாராளமாகப் போடலாம்," என்று பேசிக்கொள்வதை நானே கேட்டேன். பொறுங்கள்! திவாலாக்க முடியாது என்றால் வழக்குப் போட முடியாது என்று பொருளாகாது. தீர்ப்பும் வாங்கலாம், தீர்ப்பைக் கொண்டு சொத்தின்மீது கைவைக்கவும் செய்யலாம். அத்துடன், தொழிலுக்கு வாங்கும் கடனுக்கும் சாதாரணத் தனிநபர் கடனுக்கும் பிணை நிற்பவர் சமூகப் பிணையாளர் ஆகமாட்டார். என்னுடைய 1996ஆம் ஆண்டுக் கையெழுத்து இன்றைய சட்டத்திலும் இந்தப் பாதுகாப்புக்குள் வந்திருக்காது.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்களுக்கு ஒன்று. பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏகேபிகே என்னும் கடன் ஆலோசனை நிறுவனம் கட்டணமின்றி ஆலோசனை தருகிறது. தூங்காதே, உடனே போ என்று நீதிமொழிகளின் ஆசிரியர் பதறினார் அல்லவா? அது இந்த நிலையில் உள்ளவர்களுக்கு அப்படியே பொருந்தும். கடிதம் வந்ததும் அதை மேசை இழுப்பறையில் போட்டு மூடுவது நம்மவர்களின் பழக்கம். நானும் மூன்று கடிதங்களை அப்படி மூடிவைத்தவன்தான்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடவேண்டும். விவிலியம் கடன் வாங்குகிறவனையும் பிணை நிற்பவனையும் மட்டும் கண்டித்துவிட்டுப் போகவில்லை. இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரம் கடன் கொடுத்தவனுக்குக் கட்டளையிடுகிறது. அடகுப் பொருளை எடுக்க அவன் வீட்டுக்குள் நுழையாதே, வெளியே நில், அவனே கொண்டுவரட்டும். மாவரைக்கும் திரிகைக்கல்லை அடகாக வாங்காதே. அது அவன் உயிர். ஏழையின் மேலாடையை வாங்கியிருந்தால் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடு. அவன் எதைப் போர்த்திக்கொண்டு உறங்குவான்? வட்டிக்குக் கொடுக்கிறவர்கள் நம் சமூகத்திலும் இருக்கிறார்கள். ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருகிறவர்களும் வெள்ளி தவறாமல் விளக்கேற்றுகிறவர்களும் அவர்களில் உண்டு. அவர்களிடம் இதையெல்லாம் யார் படித்துக்காட்டுவது?

சரி, தங்கை விசயத்துக்கு வருகிறேன்.

இரண்டு வாரத்தில் நான் செய்தது இவ்வளவுதான். ஒப்பந்தத்தை மூன்று இரவுகள் படித்தேன். மலாய்மொழியில் சட்டச் சொற்கள் நெருடிய இடங்களில் பென்சிலால் கோடு போட்டு, தெரிந்தவரிடம் கேட்டேன். முழுத்தொகையும் என் தலையில் விழுந்தால் மாதம் எவ்வளவு வரும் என்று கணக்கிட்டேன். எனக்குப் பணி ஓய்வுக்கு இன்னும் மூன்று ஆண்டுகள்தாம் இருக்கின்றன. ஆகவே ஓய்வூதியத்தை வைத்துக் கணக்கிட்டேன். அந்தத் தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்து மனைவியிடம் காட்டினேன். மூத்த மகளுக்கும் போன் செய்து சொன்னேன். அவள் இப்போது சொந்தக் காலில் நிற்கிறாள். அவளைக் கேட்கவேண்டிய தேவையில்லை என்று நீங்கள் சொல்லலாம். எனக்குத் தேவை இருந்தது.

அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பா, இந்தத் தடவை கேட்டுவிட்டுப் போடுகிறீர்கள். போடுங்கள்," என்றாள்.

இதே மாதத்தில் வேறொருவரும் வந்தார். பழைய மாணவர். உணவுக்கடை தொடங்க ஐம்பதாயிரம் ரிங்கிட் கடன், பிணை வேண்டும். உழைப்பாளிதான், ஐயமில்லை. மறுத்துவிட்டேன். இந்த முறை வேதத்தை இழுக்கவில்லை. "தம்பி, இவ்வளவையும் என்னால் கட்ட முடியாது. கட்ட முடியாததற்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்," என்று நேராகச் சொன்னேன். கடைக்குப் பாத்திரம் வாங்க 500 வெள்ளி கொடுத்தேன்; திருப்பித் தரவேண்டாம் என்றும் சொன்னேன். வாங்கிக்கொண்டார். வருத்தம் இருக்கத்தான் செய்யும். அந்தக் கடை திறந்ததும் போய்ச் சாப்பிட வேண்டும்.

தங்கையும் மருமகனும் மறுபடியும் வந்தார்கள். மருமகனை மேசையில் உட்காரவைத்து, ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். படிக்கப் படிக்க அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது. "மாமா, நான் பாதியில் விட்டால் இதெல்லாம் நீங்களா கட்டவேண்டும்?" என்று கேட்டான். அம்மா அவனிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை.

"ஆமாம். அத்தையும் நானும்."

அவன் என் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, ஒவ்வொரு பருவத்திலும் தேர்வு முடிவு வந்தவுடன் அத்தைக்கு அனுப்பிவிடுவதாக அவனாகவே சொன்னான். நான் கையெழுத்துப் போட்டேன். அவன் போனபின் என் மனைவி ஒரு பயிற்சிப் புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தில் தொகையையும் தேதியையும் அவன் பெயரையும் எழுதிவைத்தார்.

முதல் பருவத்துத் தேர்வு முடிவு இந்த மாதம் வரவேண்டும். இன்னும் வரவில்லை.